பிடிமண்ணும் மறுசீரமைத்த ஒலியும்

ஒரு தெய்வத்தின் பாட்டு ஒலிநாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் இடம்பெயரும்போது ஒவ்வொரு முறையும் அதன் ஒலி சிறிது திருத்தப்படுமானால், கடைசியில் செவியை எட்டுவது அதே பாட்டுத்தானா என்ற கேள்வி, ஒலிப்பொறியாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றினாலும், அதன் வேர் சமயத்தில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையூர்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. ஏனெனில் அங்கே வில்லுப்பாட்டு தெய்வத்தைப் பற்றிய பாட்டாக மட்டும் இருப்பதில்லை, தெய்வத்தை வரவழைக்கும் பாட்டாகவும் இருக்கிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் இடத்தை ஒட்டிய ஊரும், முக்கூடற்பள்ளில் முக்கூடல் எனப் பாடப்பெற்ற தலமுமான சீவலப்பேரி, அழகர் கோயிலால் அறியப்படுவதைப் போலவே சுடலைமாடன் கோயிலாலும் அறியப்படுகிறது. கயிலையில் பார்வதி ஏந்திய முந்தானையில் விளக்குச் சுடர் விழுந்து பிறந்தவன் என்று தொடங்கும் சுடலையின் கதையை, கொடை எனப்படும் ஆண்டு விழாவில் வில்லிசைக் குழுவினர் இரவெல்லாம் பாடுகின்றனர். கதை வளர்ந்து, தெய்வத்தை அழைக்கும் வரத்துப்பாட்டை எட்டும்போது சாமியாடியின் உடலில் அருள் இறங்குகிறது.

இந்தக் கதைகள் ஒலிநாடாவில் ஏறியபோதே ஒரு பெருஞ்சுருக்கம் நேர்ந்துவிட்டது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட்டின் அறுபது நிமிட வகையில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடமே கிடைக்கும். விடிய விடியப் பாடப்படும் கதை அந்த அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. பின்னர் வெவ்வேறு கேசட்டுகளின் பதிவுகள் ஒரே தொகுப்பில் திரட்டப்பட்டு, ரீமாஸ்டரிங் என்னும் மறுசீரமைப்புப் பணிக்கு உள்ளாகின்றன. மூலப் பதிவின் ஒலியளவு, மேல்-கீழ்ச் சுருதிகளின் சமநிலை, ஓட்ட வேகம், இரைச்சல் ஆகியவற்றைத் திருத்திப் புதிய மூலப்படியை உருவாக்கும் பணி அது.

இப்பணியின் இயல்பை மேலை இசையின் ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். லெட் செப்பெலின் என்னும் ஆங்கிலேய ராக் குழுவின் பாடல்களை அதன் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜும் பொறியாளர் ஜார்ஜ் மரினோவும் மறுசீரமைத்து 1990-இல் தொகுப்பாக வெளியிட்டனர். 2007-இல் ஜான் டேவிஸ் மறுசீரமைத்த ‘மதர்ஷிப்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. பாடல்கள் பெரும்பாலும் அவையே, பதிவுகளும் அவையே. ஆயினும் இரண்டாவது தொகுப்பு முதலாவதைவிட உரத்து ஒலிக்கிறது. ஒலியின் உச்சங்களை அமுக்கி, தாழ்ந்த பகுதிகளை உயர்த்தி, முழுவதையும் மேலே தள்ளினால் இந்த உரப்பு கிடைக்கும்; ஆனால் மென்மைக்கும் வன்மைக்கும் இடையிலிருந்த தொலைவு அதற்கு விலையாகிவிடுகிறது. மனிதச் செவி உரப்பானதைச் சிறந்தது என்று எளிதில் நம்பிவிடுவதால், இரு பதிப்புகளை ஒப்பிட விரும்புவோர் அவற்றின் ஒலியளவை முதலில் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். சாதாரணக் கேசட்டு ஏறத்தாழ 50 டெசிபெல் வீச்சைத் தாங்கியது, குறுந்தகடு 96 டெசிபெல் வரை தாங்குகிறது. அவ்வளவு அகன்ற இடம் கிடைத்த பிறகு அதைக் கேசட்டைவிடக் குறுகலாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவியது வருந்தத்தக்கது.

மாறும் ஒலியில் மாறாதது எது என்பதை இந்தியத் தத்துவம் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. சொல் என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறது மட்டுமே என்பது மீமாஞ்சகர் கொள்கை. ஒலி தோன்றி அழிவது, ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாவது என்பது நியாயவாதிகள் கொள்கை. கி.பி. 5-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் இலக்கண மெய்யியலாளர் பர்த்ருஹரி, பொருளைத் தரும் பகுக்கவொண்ணாத சொல்லுருவை ஸ்போடம் என்றும், அதை வெளிப்படுத்தும் ஒலியைப் பிராகிருதம் என்றும், விரைவு, தாமதம் போன்ற வேறுபாடுகளைத் தாங்கும் ஒலியை வைகிருதம் என்றும் பிரித்தார். அவர் வழியில் நின்றால், மறுசீரமைப்பு தொடுவது வைகிருதத்தை மட்டுமே, பாட்டின் மெய்யுருவுக்கு ஊறு இல்லை என்று அமைதியடையலாம். ஆனால் அந்த அமைதி வில்லுப்பாட்டுக்குப் பொருந்தாது. ஒரு சொல்லை மெல்லச் சொன்னாலும் விரைந்து சொன்னாலும் அதன் பொருள் மாறாதிருக்கலாம்; வீசுகோல் நாணில் விழும் வேகம் கூடி, உடுக்கும் குடமும் நெருங்கி, பாட்டை நடத்தும் அண்ணாவியின் குரல் மேலேறும்போது, அந்த ஏற்றமே பாட்டின் செயலாகிவிடுகிறது.

அதே தாமிரபரணியின் கரையில், விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த 18-ஆம் நூற்றாண்டின் சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு இயற்றிய மாபாடியத்தில் விளக்கும் சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் கூடுதலாகத் துணைசெய்கிறது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்குகளில் செவிக்குப் புலப்படுவது வைகரி; நான்குமே சுத்தமாயையின் விருத்திகள், அதாவது அறிவில்லாத சடப்பொருளின் விரிவுகள். ஒலியையே பரம்பொருளாகக் கொள்ளும் சத்தப்பிரமவாதத்தைச் சித்தாந்தம் மறுப்பதும் இதனாலேயே. ஒலி தெய்வமன்று, தெய்வம் கொள்ளும் கருவி. கருவியைத் தெய்வமென்று மயங்காத இந்தத் தெளிவு, கருவி எப்படியிருந்தாலும் போதும் என்ற அலட்சியத்துக்கு இடந்தருவதில்லை. கருவி என்றாலே அது தன் பணிக்குத் தகுதியாக உள்ளதா என்ற வினா உடன் வந்துவிடுகிறது.

மூலம், படி என்ற சிக்கலுக்குக் கிராமத் தெய்வ வழிபாடு நூல்களின் துணையின்றியே விடை கண்டிருக்கிறது. வேற்றூரில் குடியேறியவர்கள் தம் தெய்வத்தை அங்கு நிறுவ விரும்பினால், மூலக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துச் சென்று, அதை வைத்துப் பீடம் எழுப்புவர். இதற்குப் பிடிமண் என்று பெயர். சீவலப்பேரிச் சுடலையிடமிருந்து அவ்வாறு பிடிமண் எடுத்து நிறுவிய கோயில்கள் வெவ்வேறு ஊர்களில் உள்ளன. அங்குள்ள பீடத்தின் உயரமோ, சுண்ணாம்புப் பூச்சோ, கோயிலின் அமைப்போ மூலத்தை ஒத்திருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை, அங்கிருக்கும் சுடலை குறைந்த சுடலை என்று எவரும் கருதுவதும் இல்லை. மண்ணின் தொடர்ச்சி, முறைப்படியான கொடை, அழைத்தால் வரும் தெய்வம் ஆகியவையே அங்கே மெய்ம்மைக்குச் சான்று. இதன்படி, படியெடுத்தல் தன்னளவில் எந்தப் பாவமும் ஆகாது. ஒலிநாடாவின் ஒவ்வோர் இரைச்சலையும் புனிதமாகக் காக்க வேண்டும் என்ற வாதமும் வலுவிழக்கிறது. பழமை ஒன்றுக்காகவே பழம்பதிப்பைப் போற்றுவது, மண்ணை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைத் தொழுவதாகும்.

ஆனால் அதே அளவுகோல் மறுசீரமைப்பின் மூன்று செயல்களைக் கடுமையாகக் கண்டிக்கவும் வைக்கிறது. முதலாவதும் கொடியதுமானது, ஒரே பதிவுக்குள் ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தல். மதியக்கொடையில் நிதானமாக நடக்கும் கதைக்கும் நள்ளிரவின் சாமக்கொடையில் எழும் வரத்துப்பாட்டுக்கும் இடையே ஒரு நெடிய ஏற்றம் உண்டு. கேட்போரை அருளின் வாசல்வரை அழைத்துச் செல்லும் அந்த ஏற்றத்தை அமுக்கிச் சமதளமாக்கினால், முதல் வரியே உச்சத்தில் ஒலிக்க, தெய்வம் வருவதற்கு மிஞ்சிய உயரம் எதுவும் இல்லாமற்போகிறது. அடுத்தது வேகம்: பழைய கேசட்டு நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்து ஓடினாலே சுருதி அரைச்சுரம் ஏறிவிடும்; அதைக் கவனியாமல் படியெடுத்தால் பாடியவரின் வயதும் கனமும் குரலிலிருந்து மறைந்துவிடுகின்றன. இரைச்சல் நீக்கம் மூன்றாவது. நாடாவின் சீறலும் ஜால்ராவின் மேற்சுரங்களும் வில்மணிகளின் கிலுகிலுப்பும் ஏறத்தாழ ஒரே எல்லையில் உறைவதால், சீறலை அடியோடு துடைக்கும் கருவி மணியையும் மழுங்கடிக்கிறது. கூடவே, பெண்கள் இடும் குலவையும் கூட்டத்தின் ஆரவாரமும் இரைச்சலென்று அகற்றப்படுமானால், பாடியவர்கள் மட்டும் எஞ்சி, பாட்டுக்கு விடையிறுத்த ஊர் அழிந்துவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொடைகளில் மக்கள் பல பத்தாண்டுகளாக வில்லுப்பாட்டைக் கேட்டுவருவது பெரும்பாலும் ஒலிபெருக்கி வழியாகத்தான். கூம்பு ஒலிபெருக்கியோ தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் வெட்டி, நடுப்பகுதியையே தள்ளுகிறது. மரத்தில் கட்டிய அந்தக் கூம்பின் வழியே, வயலுக்கு அப்பால் நின்று கேட்டவருக்கும் அருள் வந்திருக்கிறது என்றால், ஒலித்தரம் பற்றிய கவலையே வீண் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, துல்லியம் ஒன்றையே மெய்ம்மையாகக் கொள்வோருக்கு அதற்கு விடையில்லை. ஆயினும் கூம்பு ஒலிபெருக்கி எதை வெட்டியது, எதை விட்டுவைத்தது என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்: அது ஒலியின் நிறத்தைக் குறைத்தது, ஏற்ற இறக்கத்தை விட்டுவைத்தது, அண்ணாவி தாழ்ந்தபோது அதுவும் தாழ்ந்தது, அவர் உயர்ந்தபோது அதுவும் உயர்ந்தது. ஆகவே பழைய நாடாக்களை மறுசீரமைப்போர் மணியோசையின் தெளிவில் ஓரளவு விட்டுக்கொடுத்தாலும், மதியத்துக்கும் சாமத்துக்கும் இடையிலான உயரத்தில் ஒரு டெசிபெல்லையும் விட்டுக்கொடுக்கலாகாது; திருத்தப்படாத படியையும் உடன் வைத்து, தாம் செய்த மாற்றங்களைத் தொகுப்பிலேயே எழுதிவைப்பதும் அவர்களது கடமை, ஏனெனில் பிடிமண் எடுத்துச் சென்றவர்கள் எந்தக் கோயிலிலிருந்து எடுத்தோம் என்பதைத் தலைமுறைதோறும் சொல்லிவைத்தே வந்திருக்கிறார்கள்.