ஓடாவியின் கர்மயோகம்

பிறவியைக் கடல் என்றும், அதைக் கடக்க உதவும் ஞானத்தைத் தோணி என்றும் கூறுவது நம் நாட்டு ஆன்மிக நூல்களின் வழக்கம். கீதையின் நான்காம் அத்தியாயத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணரும் இந்த உவமையைக் கையாள்கிறார். குருவை ஓடக்காரர் என்று போற்றாத அடியார் கூட்டம் இல்லை. ஆனால் தோணியைச் செய்தவனை யாரும் நினைப்பதில்லை. கடற்கரைத் தமிழில் அவனுக்கு ‘ஓடாவி’ என்று பெயர். கர்மயோகம் பற்றிய கடினமான கேள்வி ஒன்று அவனுடைய பட்டறையில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

கடமையைச் செய்வதில்தான் மனிதனுக்கு உரிமை. பலன் அவன் கையில் இல்லை என்பது கீதையின் போதனை. சரி, படகு கட்டுகிறவன் பலனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாமா? அவன் கட்டிய படகு ஒழுகினால் மூழ்கப்போவது அவன் அல்ல. அவனை நம்பிப் படகில் ஏறிய குடும்பஸ்தன்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க். ஆனால் அது நீர் சூழ்ந்த பகுதி. சற்றுத் தொலைவில் அரபிக் கடல். வடக்கே கடினங்குளம் காயல். 1815 முதல் 1829 வரை திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாயி வெட்டச் செய்த பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய். ஒரு காலத்தில் திருவனந்தபுரத்திற்குச் சரக்குகள் வள்ளங்களில் இவ்வழியே வந்தன. கணினி நிரலில் பிழை இருந்தால் அடுத்த வாரம் திருத்தி அனுப்பிவிடலாம். வள்ளத்திற்கு அந்தச் சலுகை கிடையாது.

கேரளத்தின் பழைய கெட்டுவள்ளத்தில் ஆணி இல்லை. அயினி மரப் பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இணைப்பின் மேல் தேங்காய் நாரை வைத்து, கயிற்றால் தைப்பார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். ஒருவர் தளர்த்தினால் மற்றவரின் உழைப்பும் வீண். இந்த வேலையில் முதல் பாடம் தைப்பது அன்று, பொருத்துவது. ஒரு பலகையின் விளிம்பில் கரியைப் பூசி, அடுத்த பலகையை அதன்மேல் அழுத்தி எடுப்பது படகுத் தச்சர்களின் வழக்கம். எங்கே கரி ஒட்டியதோ அங்கே மேடு. அதை இழைத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். மறுபடி இழைக்க வேண்டும். பத்து முறையும் ஆகலாம். மாணவன் எவ்வளவு சாதுரியமாகப் பேசினாலும் கரி அவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லாது. சொற்பொழிவு கேட்டுக் கற்கும் பாடத்தில் புரிந்ததுபோல் தலையசைத்துத் தப்பிவிடலாம், இங்கே முடியாது.

‘எல்லாம் ஈசன் செயல், பலனை எதிர்பார்க்கக் கூடாது’ என்று கூறி, அரைகுறை வேலையை ஒப்படைத்துவிட்டு அமைதியாக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வரை வாசிப்பதில்லை போலும். விளைவையும், இழப்பையும், பிறருக்கு நேரும் துன்பத்தையும், தன் திறமையின் அளவையும் எண்ணிப் பாராமல் மோகத்தால் தொடங்கும் செயலைத் தாமசம் என்றே பகவான் அங்கே வகைப்படுத்துகிறார். ஆக, விளைவை எண்ணாமை வேறு, பற்றின்மை வேறு. படகு ஒழுகாதிருப்பது படகின் தர்மம். அது செயலிலேயே அடங்கியது. ‘இன்னார் கட்டிய படகு’ என்ற பெயர் செயலுக்கு வெளியே இருப்பது. விட வேண்டியது பின்னதை.

எழுதும்போது இப்பிரிவினை எளிதாகத் தெரிகிறது. உளியைப் பிடித்தவனுக்கு அவ்வளவு எளிதன்று. மூன்று நாள் உழைத்துச் செதுக்கிய பலகை பொருந்தவில்லை என்றால் அதைக் கழித்துவிட மனம் வராது. ‘கலப்பற்றும்போது நாரைக் கொஞ்சம் அதிகமாகத் திணித்துவிடலாம்’ என்று மனம் சமாதானம் சொல்லும். அப்படிச் சொல்வது படகின்மேல் உள்ள அக்கறை அன்று, தன் உழைப்பின்மேல் உள்ள பற்று. பற்று வேலையைக் கெடுக்கிறது என்பதை ஓடாவியின் மாணவன் வேதாந்த வகுப்பிற்குச் செல்லாமலே கண்டுகொள்கிறான்.

இதற்கு நேர்மாறான தடுமாற்றமும் உண்டு. உலர்ந்த பலகைகளால் கட்டிய புதுப்படகு முதன்முதலில் நீரில் இறங்கும்போது இணைப்புகளில் நீர் கசியக்கூடும். மரம் நீரைக் குடித்துப் பருத்ததும் இடுக்குகள் தாமே இறுகும். அப்போது பதறி உளியை எடுப்பவனும் வேலையைக் கெடுப்பான். எந்தக் கசிவுக்குக் காத்திருக்க வேண்டும், எந்தக் கசிவுக்குப் படகைக் கரையேற்ற வேண்டும் என்பதை எந்த ஏட்டிலும் எழுதிவைக்க இயலாது. பல படகுகளைக் கண்ட ஆசான் அருகில் நின்று காட்ட வேண்டும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் புரூக்ளின் என்ற சிற்றூரில் 1981 முதல் நடந்துவரும் மரப்படகுப் பள்ளிக்கு, நூல்களும் வரைபடங்களும் தாராளமாகக் கிடைத்தும், மாணவர்கள் நேரில் வந்து இழைப்புளியைப் பிடிப்பது இதனால்தான்.

திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் அலை சீறும் இடங்களில் மீனவர்கள் நெடுங்காலம் நம்பியது கட்டுமரத்தை. நீர் உள்ளே புகுந்து வெளியேறும் அமைப்பு அது, மூழ்காது. அதற்கேற்ற பெரிய மரங்கள் அரிதானபோது, 1980-களில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே குமரி மாவட்டத்து மீனவர்களுடன் சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அந்த முயற்சியைப் பற்றி 1985-இல் வெளியான அவரது நூலின் தலைப்புக்குச் ‘சிறியது கடினமானது’ என்று பொருள். சிறியது அழகானது என்ற புகழ்பெற்ற நூல் தலைப்பைக் கேட்டு மகிழ்ந்திருந்தவர்களுக்கு, செய்து பார்த்தவர் ஒருவர் அளித்த பதில் என்றே அதைக் கொள்ளலாம்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஓடாவியின் அதிகாரம் கரையோடு முடிகிறது. கழக்கூட்டத்திற்கு வடக்கே முதலப்பொழி முகத்துவாரத்தில் பழுதற்ற படகுகளும் அலையில் கவிழ்ந்து, அண்மை ஆண்டுகளில் மீனவர் பலர் உயிரிழந்திருக்கின்றனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்கரையில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கியது. பலன் உன் கையில் இல்லை என்ற சொல் இங்கேதான் தன் முழுக் கனத்தோடு ஒலிக்கிறது. தன்னால் இயன்றது அனைத்தையும் செய்து முடித்தவனுக்கு மட்டுமே அது ஆறுதலாகும். செய்யாதவனுக்கு அது குற்றச்சாட்டு.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, திருவனந்தபுரம், கொல்லம் கரைகளின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் முதலிய இடங்களுக்கு விரைந்தனர். மீன் பிடிப்பதற்கென்று கட்டிய படகுகள் தென்னந்தோப்புகளுக்கும் வீட்டு மாடிகளுக்கும் இடையே சென்று பல்லாயிரம் பேரைக் கரை சேர்த்தன. அவற்றைக் கட்டியவர்கள் அந்தப் பயணத்தை எண்ணி ஒரு பலகையையும் இழைத்ததில்லை. மதில்களிலும் மரங்களிலும் மோதிப் பல படகுகள் அடிப்பகுதி சிதைந்து திரும்பின. அவற்றைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்க்கும் வேலை காத்திருந்தது.