பழகாதவர் கண்ணீர்

மாணவன் ஒருவன் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, வகுப்பறை மூலையிலுள்ள குப்பைக்கூடையைக் குறிபார்த்து எறிகின்றான். எறியும்போதே ‘கோபி!’ என்று கூவுகின்றான். அமெரிக்க நாட்டுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலமாக வழங்கிவந்த பழக்கம் இது. அப்பெயருக்கு உரியவரை அம்மாணவன் ஒருநாளும் நேரில் கண்டதில்லை; அவரோடு ஒரு சொல் பேசியதில்லை. ஆயினும் அவர் பெயரைச் சொல்லி எறிந்தால் தாளுருண்டை தவறாது கூடையில் விழும் என்பது அவன் எண்ணம். விழாமற் போகும்போதும் அவ்வெண்ணம் குறைவதில்லை.

தமிழ்ச் செவிக்கு அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயர்போல ஒலிக்கும் இப்பெயருக்கு உரியவர், கோபி பிரயன்ட் என்னும் கூடைப்பந்து வீரர். 1978ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். 1996 முதல் 2016 வரை இருபது பருவங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் என்னும் ஒரே குழுவிற்கு ஆடியவர். அக்குழு அவர் காலத்தில் ஐந்து முறை வாகை சூடியது. 2006ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் டொராண்டோ குழுவை எதிர்த்து அவர் ஒருவரே 81 புள்ளிகள் ஈட்டினார். ஆயின், அவரை நேசித்தவர்கள் அந்த 81ஐக் காட்டிலும் விரும்பிச் சொல்வது வேறொரு நிகழ்ச்சியாகும். 2013ஆம் ஆண்டு ஏப்ரலில், ஓர் ஆட்டத்தின் நடுவே அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. நடப்பதும் அரிதான அந்நிலையில் கோட்டருகே வந்து நின்று, தமக்குரிய இரண்டு தண்ட எறிகளையும் கூடைக்குள் இட்ட பின்னரே அவர் ஆடுகளத்தைவிட்டு வெளியேறினார். பொழுது விடியுமுன் எழுந்து பயிற்சி செய்பவர் என்று பெயர்பெற்ற ஒருவரிடம் இது வியப்பன்று என்பர்.

2020ஆம் ஆண்டு ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி சூழ்ந்த காலையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அருகிலுள்ள கலபாசஸ் குன்றுகளில் ஒரு ஹெலிகாப்டர் மோதி நொறுங்கியது. அதிலிருந்த ஒன்பது பேரும் மாண்டனர். பிரயன்டும் அவருடைய பதின்மூன்று வயது மகள் ஜியானாவும் அவர்களுள் இருவர். சிறுமியரின் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றிற்காக அவர்கள் சென்றுகொண்டிருந்தனர். மகளின் குழுவிற்குத் தந்தையே பயிற்றுநர்.

செய்தி பரவிய சில மணி நேரத்திற்குள், அவர் இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை ஆடிக் கழித்த ஸ்டேப்பிள்ஸ் அரங்கின் முன்னே மக்கள் திரளாயினர். அன்று மாலை அதே அரங்கினுள் கிராமி இசைப் பரிசளிப்பு விழா நடைபெற இருந்தது. உள்ளே விழா, வெளியே அழுகை. மக்கள் மலர்களையும் மெழுகுவத்திகளையும் கொணர்ந்து வைத்தனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடைப்பந்துகளை வைத்தனர்; பலர் தாம் அணிந்திருந்த காலணிகளையும் கழற்றி வைத்துச் சென்றனர். அன்று சான் அண்டோனியோ நகரில் நிகழ்ந்த ஆட்டத்தில் மற்றொன்று நிகழ்ந்தது. பந்தைக் கைக்கொண்ட குழு 24 விநாடிகளுக்குள் அதனைக் கூடையை நோக்கி எறிதல் வேண்டும் என்பது அவ்விளையாட்டின் விதி. பிரயன்டின் இறுதிப் பத்தாண்டுகளின் சட்டை எண்ணும் 24. ஆட்டம் தொடங்கியதும் முதலில் ஒரு குழு பந்தை வைத்துக்கொண்டு அந்த 24 விநாடிகளையும் வாளா கழியவிட்டது. பின்னர் எதிர்க்குழுவும் அவ்வாறே செய்தது. இரு குழுக்களும் வேண்டுமென்றே விதியை மீறின. அரங்கிலிருந்தோர் எழுந்து நின்று இறந்தவரின் பெயரை ஒலித்தனர்.

இத்துயரம் மெய்யானதுதானா என்னும் வினா இங்கே எழுகின்றது. அறிவுடையோர் சிலர் இதனைக் கண்டு நகைப்பதுண்டு. அடுத்த தெருவில் முதியவர் ஒருவர் இறந்தால் எட்டிப் பாராதவர்கள், தொலைக்காட்சியில் மட்டுமே கண்ட ஒரு செல்வரின் சாவுக்கு மார்பில் அடித்துக்கொள்வது போலித்தனமன்றோ என்பது அவர்களின் கேள்வி. கேள்வி எளிதன்று. அடுத்த தெரு முதியவரின் பங்கு உண்மையாகவே குறைகின்றது என்பதை மறுக்கவியலாது.

ஆயினும், பழகாத ஒருவருக்காக உருகுதல் தமிழ் மரபு அறியாத செய்தியன்று. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது புலவரும் வந்து உடனிருந்து உயிர்நீத்தார். நட்பிற்கு உடனுறைவு இன்றியமையாததன்று எனக் காட்டப் பரிமேலழகர் தம் குறளுரையில் இவ்விருவரையே சான்றாக்குகின்றார். இந்த எடுத்துக்காட்டை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கின்றனர். ஆயின் இதனைக் கொண்டு ரசிகர்களுக்கு வழக்காடினால் வழக்கு பாதியிலே நின்றுவிடும். பிசிரூரில் ஒருவர் தம்மை நினைக்கின்றார் என்பது சோழனுக்குத் தெரியும். அவர் வருவார் என்றும் அவன் நம்பியிருந்தான். அரங்கின் முன்னே காலணியைக் கழற்றி வைத்தவர் யாரென்று பிரயன்டுக்கு என்றுமே தெரியாது. அன்பு இங்கே ஒரு திசையில் மட்டும் ஓடுகின்றது. எனவே இதனை நட்பு என்று பெயரிடல் ஆகாது.

நட்பு அன்றெனில் இது யாது? நன்றியறிதல் என்பதே பொருத்தமான விடையாகும். இரவுப் பணி முடித்து வந்த தந்தையோடு அமர்ந்து ஆட்டம் பார்த்த மகனுக்கு, அந்த இரவுகள் அனைத்திலும் பிரயன்ட் இருந்தார். காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கத் தொடங்கிய மாணவிக்கு, அவரும் அந்நேரத்தில் எழுந்தவர் என்பது துணையாயிற்று. கொடுத்தவர் தாம் இன்னார்க்குக் கொடுத்தோம் என்று அறியவில்லை என்பதற்காகப் பெற்றவர் பெற்றது பொய்யாகிவிடாது. கிணற்றை வெட்டியவன் பெயர் தெரியாமலும் நீர் தாகத்தைத் தணிக்கின்றது. அழுதவர்கள் பிரயன்டை மட்டும் எண்ணி அழவில்லை. தம் வாழ்வில் கழிந்துபோன ஆண்டுகளையும், அவற்றுள் தம்முடன் இருந்தோரையும் எண்ணி அழுதனர். இதனைத் தன்னலம் என்று சிலர் இகழலாம். எந்தச் சாவு வீட்டில் அழுபவர் தம் இழப்பையும் சேர்த்து அழாதிருக்கின்றார்?

ஆகவே கண்ணீர் மெய். கடினமான வினா இதன் பின்னரே வருகின்றது. நன்றியறிதல் உண்மையை மறைக்கும் உரிமையைத் தருமா?

2003ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்தில் விடுதி ஒன்றில் பணிபுரிந்த பத்தொன்பது வயதுப் பெண், பிரயன்ட் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என்று குற்றஞ்சாட்டினார். வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே அப்பெண்ணின் பெயர் வெளியாயிற்று. கொலை மிரட்டல்கள் வந்தன. 2004 செப்டம்பரில், தாம் சாட்சியம் அளிக்க இயலாது என்று அவர் தெரிவித்தமையால் குற்றவழக்கு கைவிடப்பட்டது. உரிமையியல் வழக்கு 2005இல் இருதரப்பு உடன்பாட்டில் முடிந்தது. நீதிமன்றம் பிரயன்டைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. குற்றமற்றவர் என்றும் தீர்ப்பளிக்கவில்லை.

அவர் இறந்த அன்று, அமெரிக்கத் தலைநகரின் நாளேடு ஒன்றைச் சேர்ந்த பெண் செய்தியாளர் இவ்வழக்கைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றைப் பலரும் பார்க்கும்படி சுட்டிக்காட்டினார். அவரே எழுதியதன்று, சுட்டியது மட்டுமே. வசைகளும் கொலை மிரட்டல்களும் வந்து குவிந்தன. அவருடைய நாளேடே அவரை இடைநீக்கம் செய்தது; உடன் பணிபுரிவோர் நூற்றுக்கணக்கில் கண்டனம் தெரிவித்த பின்னரே மீண்டும் ஏற்றுக்கொண்டது.

இறந்தாரைக் குறைகூறலாகாது என்னும் வழக்கு எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. அதிலுள்ள அறம் பெரிது. இறந்தவர் மறுமொழி கூற இயலாதவர். பிணம் கிடக்கும் வீட்டில் பழங்கணக்கு பேசுதல் பண்பன்று. செய்தியாளர் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்று சொல்வோர்மீது பெருங்குறை காணவும் இயலாது. ஆயின் அவ்வழக்கு, இழவு வீட்டாருக்காக ஏற்பட்டது. நாடு முழுவதும் இழவு வீடாகி, ஒவ்வொரு திரையிலும் ஒருவருடைய புகழ் மட்டுமே பேசப்படும்போது, பதினேழு ஆண்டுகளுக்கு முன் குற்றஞ்சாட்டிய பெண்ணும் அதே நாட்டில்தான் வாழ்கின்றார் என்பதை யார் நினைப்பது? மௌனம் இறந்தவருக்குக் காட்டும் மரியாதையாக இருக்கும் அதே நேரத்தில், உயிரோடிருக்கும் ஒருவருக்கு இழைக்கும் கொடுமையாகவும் ஆகக்கூடும்.

மிரட்டல் விடுத்தோர் ஒன்றை மறந்தனர். குற்றவழக்கு கைவிடப்பட்டபோது பிரயன்ட் தம் பெயரால் ஓர் அறிக்கை வெளியிட்டார். அது இருவர் இசைவோடும் நிகழ்ந்தது என்றே தாம் நம்பியதாகவும், ஆயினும் அப்பெண் அதனை அவ்வாறு கருதவில்லை என்பதைத் தாம் இப்போது உணர்வதாகவும் அதில் கூறி, அவரிடம் மன்னிப்பும் கேட்டார். வழக்கறிஞர்கள் ஆய்ந்து அமைத்த அறிக்கை என்று அதனை ஐயுறுவோர் உளர். ஐயுறுவதற்கு இடமும் உண்டு. என்றாலும், தம் நம்பிக்கைக்கு மாறாக மற்றொருவருக்கு வேறோர் அனுபவம் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவரே சென்றார். அவர் சென்ற தொலைவுக்கும் அவருடைய ரசிகர்கள் செல்ல மறுத்தனர். வீரனுடைய சொல்லை வீரனுக்காகவே அழிக்க முற்பட்ட விந்தை இது.

அக்குன்றில் மாண்டவர் ஒன்பது பேர் என்பதும் பலருக்கு நினைவில்லை. கல்லூரிப் பேஸ்பால் பயிற்றுநர் ஒருவர், அவர் மனைவி, மகள், வேறொரு தாயும் மகளும், குழுவின் துணைப் பயிற்றுநரான பெண்மணி, விமானி. இவர்கள் எழுவருக்கும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளிலும் அன்று விளக்கு எரிந்திராது. பெருந்துயரம் ஒரு பெயரில் குவியும்போது அருகிலுள்ள பெயர்கள் நிழலில் விழுவதைத் தடுத்தல் அரிது. எனினும் 2020 பிப்ரவரி 24ஆம் நாள் நடந்த நினைவுக் கூட்டத்தில் பிரயன்டின் மனைவி வனெசா பேசியபோது, கணவரோடு சேர்த்து மகளுக்கும் இரங்கலுரையில் நிறைந்த இடம் அளித்தார். ஜியானாவின் சட்டை எண் 2. தந்தையின் எண் 24. கூட்டத்தின் நாள் அவ்விரண்டையும் எண்ணிக் குறிக்கப்பட்டது.

துயரத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள மற்றொன்றும் அந்நாள்களில் வெளிப்பட்டது. சிதைந்த இடத்தில் பணியாற்றிய காவலர்களுள்ளும் தீயணைப்பு வீரர்களுள்ளும் சிலர், இறந்தோரின் உடற்கூறுகளைத் தங்கள் கைப்பேசியில் படமெடுத்துத் தமக்குள் பகிர்ந்தனர். ஒரு படம் மதுக்கடையில் ஒருவரிடம் காட்டப்பட்டது. 2022 ஆகஸ்டு 24ஆம் நாள், பாதிக்கப்பட்ட இரு குடும்பத்தாருக்கும் மொத்தம் 31 மில்லியன் அமெரிக்க வெள்ளி இழப்பீடு வழங்குமாறு நடுவர் குழு தீர்ப்பளித்தது. இத்தகைய படங்களை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அதற்கு முன்பே கலிபோர்னியாவில் இயற்றப்பட்டிருந்தது. புகழ்பெற்றவரின் உடல் எல்லார்க்கும் உரிய பொருள் என்னும் எண்ணமே அப்படங்களின் வேர். மாலையிடும் கைக்கும் படமெடுக்கும் கைக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிதுதான். ஆயின், ‘அவர் எங்களுடையவர்’ என்னும் சொல் இரண்டிலும் இருக்கின்றது.

நம் முன்னோர் வீரனுக்கு நடுகல் எடுத்து, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்தனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வெண்கலத்தில் எடுத்தது. பெயர் மாறிவிட்ட அதே அரங்கின் முன்னே 2024 பிப்ரவரி 8ஆம் நாள் பிரயன்டின் சிலை திறக்கப்பட்டது; தந்தையும் மகளும் அருகருகே அமர்ந்திருக்கும் இரண்டாம் சிலை அவ்வாண்டு ஆகஸ்டில் வந்தது. முதற்சிலையின் பீடத்தில், 81 புள்ளிகள் ஈட்டிய ஆட்டத்தின் முழுக் கணக்கும் பொறிக்கப்பட்டுள்ளது. திறப்பு விழா முடிந்து சில வாரங்கள் சென்றபின், அதனை வரி வரியாகப் படித்தவர்கள் அதிலுள்ள எழுத்துப்பிழைகளைக் கண்டனர். அன்று தோற்ற டொராண்டோ குழுவைச் சேர்ந்த கால்டெரோன் என்பவரின் பெயரில் ஓர் எழுத்து மிகையாக இருந்தது. பிரயன்டின் குழுவைச் சேர்ந்த மற்றொருவரின் பெயரும் பிழைபட்டிருந்தது. எண்பத்தொன்றைப் பார்த்து மகிழ்ந்ததோடு நில்லாமல், எதிரணியில் ஆடியவன் பெயர்வரை படித்து, அது தவறு என்று சொன்னார்கள். பிழைகளைத் திருத்தும் பணி நடந்து வருவதாக லேக்கர்ஸ் கழகம் அறிவித்தது.