தியாகமா, பலியா?

தியாகம், பலி என்னும் இரு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கி வருகின்றோம். ஆயின் அவற்றிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. தியாகத்தில் ஒருவன் தன்னைத் தானே கொடுக்கின்றான். பலியில் அவனைப் பிறர் கொடுக்கின்றனர். யுத்தத்தில் மாண்ட தொழிலாளியைப் பற்றிப் பேசுமிடத்து இவ்வேறுபாட்டை மறந்துவிடுவது சிலருக்கு மிகவும் வசதியாக இருக்கின்றது.

இலண்டன் மாநகரின் பாடிங்டன் புகையிரத நிலையத்திலே, முதலாம் மேடையில், ஒரு வெண்கலச் சிலை நிற்கின்றது. கனத்த மேலங்கி அணிந்த போர்வீரன் ஒருவன் வீட்டிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கின்றான். அதை வடித்த சார்ள்ஸ் ஜாகர் தாமும் அந்த யுத்தத்திற் காயமுற்றவர். 1922 நவம்பர் 11ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட அச்சின்னத்தின் அடியில், முத்திரையிட்ட பேழையொன்றினுள், 2,524 பெயர்கள் வைக்கப்பட்டுள்ளன. 1914–18 யுத்தத்தில் மாண்ட கிரேட் வெஸ்ரேர்ண் புகையிரதக் கம்பனி ஊழியரின் பெயர்கள் அவை.

பிரித்தானியப் புகையிரதத் தொழிலாளர் பலர் தம் தொழிலையும் கையோடு கொண்டே யுத்தத்திற்குச் சென்றனர். இராணுவத்தின் பொறியியற் படையாகிய றோயல் எஞ்சினியேர்ஸ், தண்டவாளம் பதிக்கவும் வண்டி ஓட்டவும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. புகையிரதங்களை இயக்குவதற்கென்றே 1915இல் அப்படையில் ஒரு தனிப் பிரிவு அமைந்தது. 1916இல் சொம் நதிச் சமரின்போது குண்டுகளைப் போர்முனைக்குக் கொண்டுசேர்ப்பது பெரும் இடராயிற்று. அதன்பின் அறுபது சென்ரிமீற்றர் அகலமான சிறு பாதைகள் போர்முனையை நோக்கிப் பெருமளவில் அமைக்கப்பட்டன. நீராவி எஞ்சினின் புகை எதிரிக்கு வழியைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் முன்னணிக்கு அண்மையில் பெற்றோல் எஞ்சின்களே ஓடின. இரவிற் பதித்த பாதையைப் பகலிற் குண்டு பெயர்த்துவிடும். மறுபடியும் இரவிற் பதிக்கவேண்டும். அவ்வேலையில் இருக்கும்போதே மடிந்தவர் பலர்.

அப்பாதையில் குண்டுகள் முன்னே சென்றன. காயமுற்றோர் பின்னே வந்தனர். இரண்டையும் சுமந்தது ஒரே தண்டவாளம். அதைப் பதித்ததும் ஒரே கை. சகமனிதனை மீட்கும் வேலையையும் அழிக்கும் வேலையையும் அக்கை வேறுபடுத்திச் செய்ய இயலவில்லை. தொழிலாளியின் ஆற்றல் அவனுக்குரியது. அதன் நோக்கத்தையோ பிறர் வகுத்தனர்.

அந்நோக்கத்தை வகுத்தபோது அவனைக் கேட்டார்களா? 1918இற்கு முன் பிரித்தானியாவில் வயதுவந்த ஆண்களிற்கூட ஏறத்தாழப் பத்தில் நால்வருக்கு வாக்குரிமை இருக்கவில்லை. பெண்களுக்கோ பாராளுமன்ற வாக்குரிமை அறவே இல்லை. விரும்பிப் படையிற் சேர்ந்தோர் பலர் உண்மையே. ஆயினும் 1916 முதல் ஆட்சேர்ப்புக் கட்டாயமாயிற்று. வாக்களிக்க உரிமையற்றவனுக்கு உயிரளிக்கும் கடமை மாத்திரம் விதிக்கப்பட்டது.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1911 ஓகஸ்ற் மாதம் பிரித்தானியப் புகையிரதத் தொழிலாளர் முதன்முறையாக நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர். தமது சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் தலையாய கோரிக்கை. பெரும்பாலான கம்பனிகள் அதற்கு இணங்கவில்லை. ஓகஸ்ற் 19ஆம் நாள், தென் வேல்சில், கிரேட் வெஸ்ரேர்ண் பாதையிலுள்ள லனெத்லி என்னும் ஊரில், வேலைநிறுத்தக்காரர் வண்டியொன்றை மறித்தபோது படையினர் சுட்டனர். இரு இளைஞர் மாண்டனர். மூன்றே ஆண்டுகளின் பின் அதே படையின் சீருடையைப் புகையிரதத் தொழிலாளர் அணிந்தனர். அப்போது அவர்கள் கலகக்காரர் அல்லர், தேசத்தின் வீரர்.

யுத்தம் முடிந்தது. 1919இல் சில தரத்தினரின் சம்பளத்தைக் குறைக்கும் திட்டத்தை அரசாங்கம் முன்வைத்தது. செப்ரெம்பர் இறுதியில் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தஞ் செய்தனர்; ஒன்பது நாட்கள் உறுதியாய் நின்று அக்குறைப்பைத் தடுத்தனர். மூன்றாண்டுகள் கழித்துப் பாடிங்டனில் சிலை எழுந்தது. மாண்டவனுக்குக் கிடைத்த மரியாதைக்குப் போராட்டம் தேவைப்படவில்லை. அவனோடு வேலைசெய்து உயிரோடு திரும்பியவன் தன் சம்பளத்தைக் காப்பதற்கே போராட வேண்டியிருந்தது.

இனி நம்முட் சிலர் கூறுவர்: அது ஏகாதிபத்தியங்களின் யுத்தம், அதில் மாண்டவன் வெறும் கருவி, அவனுக்கு அஞ்சலி எதற்கு? இக்கூற்றும் தவறானதே. குண்டுமழையின் கீழ்ப் பெயர்ந்த தண்டவாளத்தை மறுபடியும் பொருத்தியவனின் துணிவை எந்தத் தளபதியும் அவனுக்கு அளிக்கவில்லை. தன் தோழரை மீட்க வழி செய்தபோது அவன் தன்னைத் தானே கொடுத்தான். அது தியாகம். தான் தீர்மானியாத நோக்கத்திற்காக அங்கே நிறுத்தப்பட்டமையோ பலி. இரண்டும் ஒரே மரணத்திற் கலந்துள்ளன. முதலாவதை மறுப்போர் தொழிலாளியை இழிவுபடுத்துகின்றனர். அதை மட்டும் புகழ்ந்து இரண்டாவதை மறைப்போர் அவனைப் பலியிட்டவரைக் காப்பாற்றுகின்றனர்.

ஆதலின் நினைவுச் சின்னங்களைக் காணுமிடத்தெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இங்கே பெயர் பொறிக்கப்பட்டவன் உயிரோடிருந்தபோது என்ன கேட்டான்? அவனுக்கு என்ன பதில் கிடைத்தது? பாடிங்டன் பேழையில் 2,524 பெயர்கள் இருக்கின்றன. 1911இன் கோரிக்கை அங்கே இல்லை. அதை நினைவில் வைத்திருப்பது வாழ்பவரின் கடமை.