பாலும் நீரும்

பாலில் நீர் கலப்பவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. அதனை அறிந்தும் வாங்கிக் காய்ச்சிக் குடித்துவிட்டு வாளாவிருப்பவனை என்னவென்று அழைப்பது? தில்லி வாழ்வில் நெடுநாளாக என்னை உறுத்திவரும் வினா இது.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தில் பலரும் கவனியாத பிரிவு ஒன்று இருந்தது. உணவு ஆய்வாளரே மாதிரி எடுக்கவேண்டும் என்பதில்லை. விலைகொடுத்து வாங்கியவரும், விற்பவரிடம் அப்போதே தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்திற்கு வந்தபோதும் இவ்வுரிமை தொடர்ந்தது. ஆய்வாளர்களைக் குறைகூறும் நம்மில் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்தினோம்? நான் பயன்படுத்தவில்லை.

எங்கள் பால்காரர் பதினோர் ஆண்டுகள் கடனுக்குப் பால் ஊற்றினார். என் தந்தையார் காலமான செய்தி கேட்டு ஊருக்கு விரைந்தபோது, வழிச்செலவுக்குக் கேளாமலே பணம் தந்தவரும் அவரே. மொழி தெரியாத ஊரில் அத்தகைய உதவியின் மதிப்பை இம்மலரைப் படிப்போர் அறிவர். பால் மட்டும் நீர்த்தே இருந்தது.

ஒருநாள் பால்மானி ஒன்றை வாங்கிவந்து மிதக்கவிட்டேன். அது சரியான அளவையே காட்டிற்று. பெரும் நிம்மதி! பின்னர்தான் அதன் சூட்சுமம் விளங்கிற்று. நீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும். ஏட்டை எடுத்தால் கூடும். இரண்டையும் அளவறிந்து செய்தால் கருவி ஏமாந்துபோகும். ஆடை படியாத பாலை நாள்தோறும் கண்ட என் மனைவிக்குக் கருவியே தேவைப்படவில்லை.

'நீர்தானே' என்று சமாதானம் கூறுவர்; நானும் கூறியவனே. அந்நீர் எக்குழாயினது, எக்குட்டையினது என்று எண்ணாதவரை அது செல்லும். காய்ச்சினால் கிருமிகள் மடியும். யூரியாவும் சோப்புத்தூளும் கலந்திருப்பின் அவை அப்படியே நிற்கும். அன்றியும் நமக்குப் பால் காப்பியின் நிறம். கைக்குழந்தைக்கோ அதுவே உணவு. எதிர்வீட்டில் அப்படியொரு குழந்தை இருந்தது. அதே பாத்திரத்திலிருந்துதான் அவர்களுக்கும் அளந்தார். நன்றியின் பெயரால் நான் விட்டுக்கொடுத்தது என் பங்கை மட்டுமா?

பிறகு நாங்கள் பூத்துப் பாலுக்கு மாறினோம். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவு பால் செலவாவதில்லை என்று பால்காரரிடம் பொய் சொன்னேன். கணக்கைத் தீர்த்தபோது கடைசி நாள் பாலுக்குக் காசு வேண்டாமென்று கைகூப்பிவிட்டுப் படியிறங்கினார். எதிர்வீட்டாருக்கு அவர் மேலும் ஈராண்டுகள் பால் ஊற்றினார். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.