பொறுமையா, பிடிவாதமா?

பொறுமை என்கிற வார்த்தையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. சேரிக் கிறிஸ்தவர்களுக்கு இதை ஊட்டிய அளவுக்கு வேறெதையும் யாரும் ஊட்டியதில்லை. துன்பத்திலிருந்து பொறுமை, அதிலிருந்து நம்பிக்கை என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார். சரி. எழுதியவர் அடிபட்டவர், ஜெயிலில் கிடந்தவர். வாசித்துக் காட்டுகிறவர் மின்விசிறிக்குக் கீழே நிற்கிறார். அங்கேதான் இடிக்கிறது.

பவுல் கிரேக்கத்தில் போட்ட சொல் ஹுபொமொனே. அடியில் நிலைத்து நிற்பது என்று அதைப் பிரிக்கலாம். நம்ம தமிழும் ஏமாற்றவில்லை. பொறை என்றால் சுமை. பொறுப்பும் அந்த வேரில் கிளைத்ததுதான். (தமிழ் எம்.ஏ. படித்ததற்கு இந்தப் பிரயோஜனமாவது இருக்கட்டும்.) பாரத்துக்கு அடியில் கால் பெயராமல் நிற்கிறவனைக் குறித்த சொல்லை வாய்மூடிக் கிடப்பவனுக்குப் பட்டமாகக் கொடுத்தது, பாரத்தை ஏற்றிவிட்டவன்தான்.

லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு ஒரு விதவையின் கதை சொல்கிறார். சாமிக்கும் பயப்படாத, மனுசரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவள் ஓயாமல் போய் நியாயம் கேட்கிறாள். தொல்லை தாங்காமல் கடைசியில் தீர்ப்புக் கொடுக்கிறான். அவன் பயத்தைச் சொல்லுமிடத்தில் மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது. தமிழில் அது வெறும் தொந்தரவாகிவிட்டது! மனந்தளராமல் ஜெபிக்கச் சொல்லத்தான் இந்தக் கதை. ஜெபத்துக்கு உதாரணமாக இயேசு காட்டியது கோயிலில் முட்டிபோட்டவளை அல்ல, கோர்ட்டுக்கு நடந்தவளை.

கிறிஸ்தவ நம்பிக்கை என்றாலே அபின் என்று ஒதுக்கும் தோழர்களுக்குச் சூசையைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். ரோட்டோரம் தொழில் செய்யும் செருப்புத் தொழிலாளிகளுக்கு 1982ல் இலவசமாகப் பங்க் கடை கொடுத்தார்கள். இந்துவாக இருந்த ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. சூசைக்கு இல்லை. அதே தொழில், அதே வெயில், ஆனால் ஞானஸ்நானம் ஆகிவிட்டதாம். 1950ம் வருஷத்து ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியிருந்தது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரை. கிறிஸ்தவர் வெளியே நின்றார்கள், முஸ்லிம்களும்தான்.

சூசை நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1985ல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது, அதன் கொடுமையும் அதே கடுமையோடு கிறிஸ்தவர்களுக்குள் தொடர்கிறது என்று காட்டவேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது தீர்ப்பு.

இயேசுவின் கதையில் விதவை ஜெயிக்கிறாள். சூசை ஜெயிக்கவில்லை. அப்படியானால் அவருடைய நம்பிக்கைக்கு என்ன பேர்? ஏமாளித்தனமா? ஜெயிப்போம் என்ற கணக்கை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குரிய நியாயத்தைத் தரவேண்டியவன் நீ என்று எதிரே நின்று சொல்கிறோமே, அந்த நிற்றலைத்தான் நம்பிக்கை என்கிறேன். தோற்றாலும் கேட்ட கேள்வி அங்கேயே கிடக்கும். அடுத்தவன் அங்கிருந்து தொடங்குவான்.

நீதிமன்றம் கேட்ட ஆதாரம் எங்கே கிடந்தது? கல்லறையில். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் நிற்பதை ஊரே அறியும். விழுப்புரம் பக்கம் இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சமமரியாதை கேட்டார்கள், தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே கோயிலில் நன்மை வாங்குகிறவர்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு உயிர் போனது. அந்த நீதிபதி கோர்ட்டில் மட்டும் இல்லை, பங்குக்கோயிலிலும் உட்கார்ந்திருக்கிறான்.

2004ல் மறுபடி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. மதத் தடையை நீக்கச் சொல்லி 2007ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்கவில்லை. 2022ல் ஆராய்வதற்கு இன்னொரு கமிஷன் போட்டார்கள்.

எங்க அம்மா நடவுக்குப் போகும். நான் ப்ளஸ் டூ முடித்தபோது என் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தது. “இந்துன்னு எழுதிக் குடு, இன்னிக்கே வாங்கிட்டுப் போ” என்றார் அங்கிருந்தவர். அம்மா எழுதித் தரவில்லை. பி.சி. என்றுதான் கிடைத்தது. காலேஜ் பணத்துக்குக் கம்மல் அடகுக்குப் போச்சு. ஏம்மா இப்படிப் பண்ணே என்று சண்டை போட்டேன். “எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எத வச்சிடி கேக்கறது?” என்றது.

எழுதிக் கொடுத்தவர்களை நான் பழிக்கமாட்டேன். என் சித்தப்பா மகன் எழுதிக் கொடுத்தான், படித்தான், வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வருகிறான். பசித்த வயிற்றுக்கு விசுவாசப் பரீட்சை வைக்க எவனுக்கு உரிமை? அவனுக்குப் புத்தி சொல்ல நினைக்கும் சாமியார்கள் முதலில் கல்லறைச் சுவரை இடித்துவிட்டு வரட்டும்.