கொள்கையா, குழியா?

நாமக்கல் மாவட்டம், காரவல்லி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய பைக்கிலா கிளம்புகிறீர்கள்? ஒரு நிமிஷம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வரும்போது 'டக்'கென்று உட்கார்ந்தால், கோன் செட் போச்சு!

வண்டியின் கழுத்துக்குள் மேலே, கீழே கிண்ணம் மாதிரி கப்புகள். அவற்றுக்குள் கிரீஸில் குளிக்கும் எஃகுக் குண்டுகள். இதுதான் கோன் செட். சக்கரத்து பேரிங் முழுசாகச் சுற்றும். இது லேசாக அசைவதோடு சரி. நேர் ரோட்டிலேயே ஓடும் வண்டியில், அத்தனை அதிர்வும் அடியும் கப்பின் அதே இடத்தில் இறங்கி, குழி விழுந்துவிடும். காமர்ஸ் படித்த எனக்குத் தேய்மானம் என்றால் வருஷா வருஷம் சீராகக் கழிக்கிற கணக்கு. இது வேறு ரகம். திரும்பித் திரும்பித் தேய்ந்ததல்ல, திரும்பாமலே தேய்ந்தது!

"நான் நேராப் போறவன் சார். யாருக்காகவும் வளைஞ்சதில்லை" என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால், அது கொள்கையா, குழியா? "காதல் கல்யாணமா? நம்ம வீட்ல அந்தப் பேச்சே கிடையாது" என்று மகளிடம் சொல்கிறோமே... யோசித்துச் சொன்னதா, குண்டு தானாகப் போய்க் குழியில் உட்கார்ந்ததா?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எதிர்த்தரப்பை ஒரு தரம் முழுசாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் உங்கள் முடிவுக்கே வந்தால், கொள்கை. கேட்கவே முடியவில்லையா? குழி.

இன்னொன்று. நேர் ரோட்டில் போகும் பைக்கும் கண்ணுக்குத் தெரியாமல் இடமும் வலமும் துளித்துளியாகத் திரும்பித்தான் விழாமல் போகிறது. குழி விழுந்த கழுத்து அதற்கு இடம் தராது, வண்டி அலையும். வளைய முடியாதவனால் நேராகவும் போக முடியாது!

"நட்டை மட்டும் முறுக்கி விடுப்பா" என்பவர்கள் உண்டு. ஆட்டம் நிற்கும், குழி போகாது, ஹேண்டில் இறுகும். பதில் இல்லாதபோது நாம் குரலை உயர்த்துவது மாதிரி. குண்டுகளை மட்டும் மாற்றினாலும், புதுக் குண்டு பழைய குழிக்குத்தான் போகும். நல்ல மெக்கானிக் கப்பையும் தட்டிக் கழற்றி, செட்டாகவே மாற்றுவார்.

செலவுதான். ஆனால், முதல் வளைவுக்கு முன்னால் செய்துவிடுவது நல்லது. பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தானே ஓட்டுகிறோம்?