வாயின் வரம்பு

மேலப்பாளையத்துக் கால்நடைச் சந்தையில், செவ்வாய்க்கிழமைகளில், விலை பேசுவதற்கு முன்னால் ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பது வழக்கம். “பல்லைப் பாத்துக்கிட்டு வெலையைப் பேசுங்க, அண்ணாச்சி” என்று வியாபாரியே அதன் உதட்டைப் பிரித்துக் காட்டுவார். பால்பல் விழுந்து முன்னே இரண்டு பெரிய பற்கள் எழுந்திருந்தால் ஆடு ஒரு வயதைத் தாண்டிவிட்டது என்று பொருள். பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க வாங்குகிறவர்களுக்கு அவ்விரண்டு பற்களே சாட்சி. மாட்டுக்கும் இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று எண்ணி, எட்டும் நிறைந்ததைக் கடைசேர்ந்த மாடு என்பார்கள். வயதை அறிவதற்காகத்தான் அவர்கள் வாயைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பிராணி இந்தப் பூமியில் எதைத் தன் பங்காகக் கொண்டது, எதைப் பிறவற்றுக்கு விட்டுவைத்தது என்பதும் அந்த வாயிலேயே எழுதியிருக்கிறது என்பது என் எண்ணம். அப்படியானால் மனிதனுடைய வாயில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி வெகுகாலமாக என்னை விடாமல் தொடர்ந்து வருகிறது.

பசுவுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையா. அது நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பற்களுக்கும் மேல்வாயின் தடித்த திண்டுக்கும் நடுவே பற்றி, தலையைச் சற்று உதறி அறுத்துக்கொள்கிறது. ஆகவே நாக்குக்குச் சுருட்ட அகப்படாத குறும்புல்லை அதனால் நன்றாக மேய முடிவதில்லை. அறுத்ததை மென்றும் மெல்லாமலும் அவசரமாக விழுங்கி, பிறகு நிழலில் படுத்து, நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் அசைபோடுகிறது. நான்கு அறைகள் கொண்ட வயிற்றின் முதல் அறை, பெரிய பசுவானால், நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அங்கே வாழும் கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடி நுண்ணுயிர்களே வைக்கோலைச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சாமர்த்தியம் பசுவின் சொந்த உடலுக்கு இல்லை. பசு அவற்றுக்கு வைக்கோல் ஊட்டுகிறது. பின்னறைகளில் அந்த நுண்ணுயிர்களையே ஜீரணித்துத் தன் புரதத்தின் பெரும்பகுதியைப் பெறுகிறது. பசு தனியாக உண்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பெரிய பந்தியை நடத்திக்கொண்டிருக்கிறது.

செம்மறியின் பிளந்த மேலுதடு தரையோடு தரையாக மேய்வதற்கு ஏற்றது. வெள்ளாடோ மண்ணை நோக்குவதைவிட மரத்தை நோக்குவதையே விரும்பும். பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, நம் நாட்டு உடைமரத்தின் முட்களுக்கு நடுவேயிருந்து இலையை மாத்திரம் உதட்டால் நெருடிப் பிடுங்கிக்கொள்ளும் அதன் நுட்பம் ஒரு நல்ல கைவினைஞனுக்குரியது.

இந்த வேறுபாடுகளின் பிரயோஜனத்தைக் காண வேண்டுமானால், பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்தபின் பாளையங்கால்வாய்ப் பாசனத்து வயல்களுக்குப் போக வேண்டும். தாளை மாடு மேயும். மாடு விட்ட அடிப்பயிரைச் செம்மறி மேயும். வரப்பு வேலியை வெள்ளாடு பார்த்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சிய இடங்களில் வாத்துக் கூட்டம் சிந்திய நெல்லையும் நத்தையையும் துழாவும். மாட்டின் காலடியில் கலைந்தெழும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் கூடவே நடக்கும். இரவில் கிடை போட்டால், மேய்ந்தது எருவாக வயலுக்கே திரும்பும். இதை ஜீவகாருண்யம் என்று நான் சொல்லமாட்டேன். பசி எல்லா உயிரையும் தன்னலத்தோடுதான் நடத்துகிறது. ஆயினும் ஒவ்வொரு வாயும் ஒரு வரம்போடு படைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் ஆகாரமாகிறது.

நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்தில் இதே நியமம் நீரின்மேல் நடக்கிறது. 1994-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊரார் பறவைகளை மிரட்டக்கூடாதென்று வெடி வெடிப்பதையே விட்டவர்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகு தலைகீழாக இருக்க, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, சிறு நீருயிர்களையும் பாசியையும் வடித்துக்கொள்கிறது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை இருபுறமும் வீசி வீசி நடக்கிறது. சங்குவளை நாரை அலகைச் சிறிது திறந்தபடி கலங்கிய நீரில் வைத்திருந்து, மீன் தொட்ட கணத்திலே மூடிவிடுகிறது; அதற்குக் கண் தேவையில்லை, ஸ்பரிசமே போதும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தையின் சதை. ஒரே குளம், ஒரே காலை, இத்தனை பந்திகள்!

இனி மனிதன். கிழிக்கவும் அரைக்கவும் ஓரளவு போதுமான பற்கள் அவனுக்கு உண்டு. அவற்றின் குறையை அடுப்பும் அம்மியும் நிறைவு செய்துவிட்டன. பன்றியும்கூடப் பலவற்றைத் தின்னும் என்றாலும், எதிரே கிடப்பதும் வயிறு கொள்வதுமே அதன் எல்லை. நாமோ வருஷக்கணக்கில் சேமிக்கிறோம், கடல் கடந்து தருவிக்கிறோம். நம் வாயில் எந்த வரம்பும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அதை மனிதன் தானே எழுதிக்கொள்ள முயன்ற முயற்சிகளில், நோன்பை மிக உயர்ந்ததாக நான் மதிக்கிறேன். ரமலான் மாதத்தில் மேலப்பாளையத்தின் அடுக்களைகளில் வெயில் தாழும்போதே கஞ்சி கொதித்து மணக்கும். கொதிக்க வைத்தவர்களும் அதை நாவில் வைக்காமல் மக்ரிப் பாங்குக்காகக் காத்திருப்பார்கள். மலைப்பாம்பும் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். ஆனால் அது முந்திய இரையின் பலத்தால். ஆகாரம் எதிரேயிருக்க, பசியும் இருக்க, கையை மடக்கிக்கொள்வது மனிதனுக்கே உரிய சுதந்திரம். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் பட்டினி கிடக்கும் வீடுகளிலும் இந்தச் சுதந்திரமே பேசுகிறது.

உண்பதில் அளவை இப்படிக் கற்ற நாம், உண்டபின் விட்டெறிவதில் அதைக் கற்கவில்லை என்பதே என் பெரிய துயரம். மிஞ்சிய சோற்றைப் பாலிதீன் பையில் இறுக முடிந்து தெருமூலையில் வைக்கிறோம். நாக்கால் வாரி விழுங்கும் பசு, அவிழ்க்க விரலின்றி, பையோடு விழுங்குகிறது. உதட்டால் பொறுக்கும் வெள்ளாடு ஓரளவு தப்பிவிடும். வயிற்று நுண்ணுயிர்களால் செரிக்க முடியாத அந்தத் தாள் முதலறையிலேயே தங்கித் திரண்டு, வயிறு நிறைந்திருக்கும்போதே மாட்டைப் பட்டினியால் கொல்கிறது. கூடவே போன ஊசியோ கம்பித்துண்டோ இரண்டாம் அறையில் தங்கி, அருகிலுள்ள இருதயத்தையே குத்துவதும் உண்டு. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, அவ்வினங்களையே நாடெங்கும் ஏறக்குறைய இல்லாமலாக்கியது. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டபோது காலம் மிகவும் கடந்திருந்தது. நம் கையிலிருந்து புறப்படுவது எந்த வாய்க்குப் போய்ச் சேர்கிறது என்று நாம் கேட்டுக்கொள்ளாததே இரண்டுக்கும் மூலம்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, அது வேண்டியதே. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பு வீடுதோறும் கழுநீர்ப் பானை ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீரும், வடித்த கஞ்சியும், காய்த்தோலும் அதில் சேரும். மாடு இல்லாத வீட்டிலிருந்து மாடு உள்ள வீட்டார் வந்து எடுத்துப் போவார்கள். எலும்பும் முள்ளும் ஊசிப்போன குழம்பும் அதில் விழாதபடி வீட்டுப் பெண்கள் காத்தார்கள். உயிர்நூல் எதையும் படிக்காத அவர்கள், அடுத்த வீட்டுப் பசுவின் வாய் எப்படிப்பட்டது என்பதை அறிந்தே தங்கள் அடுக்களையை நடத்தினார்கள்.